ஹார்லம் மீரில் பரங்கித் தெப்பம்: ஒரு பூங்கா ஹாலோவீனின் நிகழ்வு ஆய்வு

நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்குக்குள் வடகிழக்கு மூலை வழியாக நுழைபவரின் கண்ணில் முதலில் படுவது ஒரு நீர்நிலை. 11 ஏக்கர் பரப்புள்ள அதன் பெயர் ஹார்லம் மீர். 'மீர்' என்ற டச்சுச் சொல்லுக்கே ஏரி என்றுதான் பொருள் என்பதால், 'ஹார்லம் மீர் ஏரி' என்று எழுதினால் அது 'கேட்டு வாசல்' கதையாகிவிடும். அக்டோபர் கடைசியில், பெரும்பாலும் பேய்வேடப் பண்டிகையான ஹாலோவீன் நாளான 31ஆம் தேதிக்கு முன்பே ஒரு பிற்பகலில், இதன் கரையில் குழந்தைகளுக்கான ஹாலோவீன் விழாவை, பூங்காவைப் பராமரிக்கும் அமைப்பான சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி நடத்திவந்திருக்கிறது. வீட்டில் முகம் செதுக்கிய பரங்கிக்காயை ஏந்திக்கொண்டு குடும்பங்கள் வருகின்றன. வேடமிட்ட பிள்ளைகள் கரையோரமாக ஊர்வலம் போகிறார்கள். வெளிச்சம் மங்கியதும் பரங்கிக்காய்கள் உள்ளே விளக்கெரிய நீரில் மிதக்கின்றன. ஆங்கிலத்தில் இதைக் கப்பற்படைக்குரிய 'ஃப்ளோட்டிலா' என்ற சொல்லால் குறிக்கிறார்கள். தெப்பம் என்ற சொல்லைக் கைவசம் வைத்திருக்கும் நாம் வேறு சொல் தேட வேண்டியதில்லை.

ஹாலோவீன் விழா ஒன்றைக் 'குடும்பத்துக்கு உகந்தது' என்று விளம்பரப்படுத்தும்போது, அதற்குப் பொதுவாகக் கொள்ளப்படும் பொருள் இரத்தமும் அலறலும் இல்லாதது என்பதே. அதாவது, பெரியவர்களின் பேய்வீட்டிலிருந்து பயத்தை வடிகட்டிவிட்டு மிஞ்சியதைக் குழந்தைகளுக்குக் கொடுப்பது. ஹார்லம் மீர் விழாவை அருகிருந்து ஆராய்ந்தால் இந்த விளக்கம் போதவில்லை. அங்கே பயம் முற்றிலும் நீக்கப்படவில்லை. இருட்டும் தண்ணீரும் பல்லிளிக்கும் முகங்களும் இருக்கின்றன. நீக்கப்பட்டிருப்பது வேறு: வாகனம், அந்நியர் வீட்டு வாசல், எப்போது இருட்டும் என்பது தெரியாத நிலை. இருட்டு எந்த நேரத்தில், எவ்வளவு, யாருடைய கண்காணிப்பில் வர வேண்டும் என்பதை முன்கூட்டியே திட்டமிட்டதுதான் இதைக் குடும்ப விழாவாக ஆக்கியிருக்கிறது என்பது இவ்வாய்வின் துணிபு. அந்த இருட்டுக்கு ஒரு வரலாறும் உண்டு. அதைச் சொல்லாமல் விழாவைப் புரிந்துகொள்ள முடியாது.

பூங்காவின் வடக்கு முனை

ஃபிரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட்டும் கால்வர்ட் வாக்ஸும் 1858இல் வகுத்த முதல் திட்டத்தில் பூங்கா 106ஆம் தெருவோடு முடிந்துவிட்டது. 110ஆம் தெரு வரையிலான பாறையும் சதுப்புமான நிலம் 1863இல்தான் சேர்க்கப்பட்டது. கட்டடம் எழுப்பத் தகாத அந்தச் சதுப்பையே ஆழப்படுத்தி நீர்நிலை ஆக்கினார்கள். 1940களில், ராபர்ட் மோசஸ் நகரப் பூங்காக்களின் ஆணையராக இருந்தபோது, இயற்கையான கரை முழுவதும் கான்கிரீட் விளிம்பாக மாற்றப்பட்டது; ஒரு படகுத்துறையும் கட்டப்பட்டது. 1966இல் மேற்குப் பக்கம் எழுந்த லாஸ்கர் நீச்சல்குளமும் பனிச்சறுக்குத் தளமும், வனப்பகுதியிலிருந்து வரும் ஓடையை நிலத்தடிக் குழாய்க்குள் தள்ளி ஏரியிலிருந்து பிரித்துவிட்டன. 1970களில் நகராட்சியின் கஜானா காலியானபோது பூங்கா முழுவதுமே சீரழிந்தது என்றாலும், பராமரிப்பு முதலில் நின்றதும் கடைசியில் திரும்பியதும், கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த ஹார்லம் வட்டாரத்தை ஒட்டிய இந்த வடக்கு முனையில்தான். வண்டலும் குப்பையும் ஏரியை நிறைத்தன, படகுத்துறை பாழாயிற்று.

1980இல் தொடங்கப்பட்ட கன்சர்வன்சி, தனியார் நன்கொடையைத் திரட்டி, நகராட்சியோடு கைகோத்து, 1988க்கும் 1993க்கும் இடையில் இந்த ஏரியை மீட்டது. தண்ணீரை வடித்து, வண்டலை அள்ளி, கான்கிரீட் விளிம்பை உடைத்தெறிந்து, புல்லும் நாணலும் இறங்கிவரும் கரையை மீண்டும் உருவாக்கினார்கள். படகுத்துறை இருந்த வடகரையில் சார்லஸ் ஏ. டேனா டிஸ்கவரி சென்டர் என்ற பார்வையாளர் மையம் 1993இல் திறக்கப்பட்டது. விழாவின் கூடுமிடம் இந்தக் கட்டடமும் அதன் முன்னுள்ள திறந்தவெளியும்தான். கரையைச் சாய்வாக மாற்றியது அழகுக்காக மட்டும் செய்த வேலையன்று. குழந்தை தண்ணீருக்கு அருகே நெருங்கி நிற்பதற்கும், வழுக்கினாலும் ஆழத்தில் விழாமல் இருப்பதற்கும் சாய்கரை உதவுகிறது. செங்குத்தான கான்கிரீட் விளிம்பு நீடித்திருந்தால் முகமூடி அணிந்த ஐந்து வயதுக் குழந்தைகளை அந்தி நேரத்தில் அங்கே ஊர்வலமாக அழைத்துச்செல்ல யாரும் துணிந்திருக்கமாட்டார்கள்.

இந்த மீட்புப் பணி நடந்துகொண்டிருந்தபோதுதான், 1989 ஏப்ரல் 19 இரவு, பூங்காவின் வடபகுதியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். 14 முதல் 16 வயது வரையிலான, கறுப்பின, லத்தீன் சமூகங்களைச் சேர்ந்த ஐந்து சிறுவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. உண்மையான குற்றவாளி ஒப்புக்கொண்டு, மரபணுச் சான்றும் பொருந்திய பிறகு, 2002 டிசம்பர் 19 அன்று அந்தத் தீர்ப்புகள் ரத்தாயின. சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பர் 19 அன்று, 110ஆம் தெருவில் ஐந்தாம் அவென்யூவுக்கும் மால்கம் எக்ஸ் பூல்வாருக்கும் நடுவேயுள்ள நுழைவாயிலுக்கு, குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டவர்களின் வாயில் என்று பெயரிட்டார்கள். அது ஹார்லம் மீரின் வடகரையை ஒட்டியே இருக்கிறது.

ஹாலோவீன் கட்டுரையில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஓர் இடத்தைப் பற்றிய பயம் அவ்விடத்தில் வசிக்கும் பிள்ளைகளின் மேலேயே எப்படிச் சுமத்தப்பட்டது என்பதற்கு இந்த ஏரிக்கரையைவிடத் தெளிவான சாட்சி நகரில் அரிது. அப்படிப்பட்ட கரையில், சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் வேண்டுமென்றே பேயாகவும் எலும்புக்கூடாகவும் வேடமிட்டு இருட்டுகிற நேரத்தில் உலவுவதும், அதைப் பார்த்து எல்லாரும் கைதட்டுவதும், வேறெந்தப் பூங்காவிலும் நடக்கும் வேடிக்கையோடு ஒரே தட்டில் வைக்கக்கூடியதன்று.

தெருவிலிருந்து பூங்காவுக்கு

நியூயார்க் குழந்தைகள் வேடமிட்டு வீடுவீடாகக் கேட்டுப்போன வழக்கம் முதலில் ஹாலோவீனுக்கு உரியதாக இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1930கள் வரை, நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி கூறும் நாளின் காலையில்தான் பிள்ளைகள் கந்தலுடுத்தி, முகத்தில் கரி பூசிக்கொண்டு, காசோ பழமோ கேட்டுத் தெருவில் திரிந்தார்கள். அதற்குக் கந்தல்காரர் நாள் என்றே பெயர். ஹாலோவீனோ அக்காலத்தில் விடலைகளின் குறும்புக்கும் சேதத்துக்கும் பேர்போன இரவு. சன்னல்களில் சோப்பைப் பூசுவது, வெளிக்கழிப்பறையைக் கவிழ்ப்பது, மாடுகளை அவிழ்த்துக் கடைத்தெருவில் விடுவது என்று நீண்ட பட்டியல் அது. இதை அடக்குவதற்காக மினசோட்டாவின் அனோக்கா என்ற சிற்றூர் 1920இல் ஊரே சேர்ந்து ஊர்வலம் நடத்தி, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுத்த முயற்சியே, பொது இடத்தில் ஏற்பாடு செய்யப்பட்ட ஹாலோவீன் விழாக்களின் முன்னோடிகளில் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. ஆக, 'குடும்ப ஹாலோவீன்' அண்மைக் காலத்துக் கண்டுபிடிப்பன்று; குறும்பை லஞ்சம் கொடுத்து வாங்கிய பழைய ஏற்பாடு.

வீடுவீடாக மிட்டாய் கேட்கும் வழக்கம், 1942 முதல் 1947 வரை நீடித்த சர்க்கரைப் பங்கீடு நீங்கிய பிறகுதான் அமெரிக்கா முழுவதும் வேரூன்றியது. 1970களில் அதற்கும் சோதனை வந்தது. 1974இல் டெக்சாஸில் ஒரு சிறுவன் சயனைடு கலந்த மிட்டாயால் இறந்தான். கொடுத்தது முகம் தெரியாத அந்நியர் அல்லர், காப்பீட்டுப் பணத்துக்காகச் சொந்தத் தந்தையே. 1982இல் சிகாகோ வட்டாரத்தில் நஞ்சு கலந்த டைலினால் என்ற வலிநிவாரணி மாத்திரைகளால் ஏழு பேர் இறந்ததும், அவ்வாண்டு ஹாலோவீனில் பீதி உச்சத்துக்குப் போயிற்று. செய்தித்தாள்களில் வந்த நிகழ்வுகளைத் தொடர்ந்து திரட்டிய சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், வீடு தேடிவந்த பிள்ளைகளை அந்நியர் ஒருவர் மிட்டாயில் நஞ்சிட்டுக் கொன்றதாகவோ கடுமையாகக் காயப்படுத்தியதாகவோ உறுதியான ஒரு நிகழ்வையும் காண முடியவில்லை என்று 1985 முதல் எழுதிவருகிறார். இருந்தும் அந்தப் பயம்தான் பெற்றோரை வணிக வளாகங்களுக்கும் கார் நிறுத்துமிடங்களுக்கும் பூங்காக்களுக்கும் திருப்பிவிட்டது.

உண்மையான ஆபத்து மிட்டாயில் இல்லை, சாலையில் இருந்தது. 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்க விபத்துப் பதிவுகளை வைத்து 2018இல் வெளியான மருத்துவ ஆய்வு ஒன்று, ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் வாய்ப்பு, அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வரும் மாலைகளைவிட 43 சதவீதம் கூடுதல் என்று கண்டது. நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது பல மடங்கு. தவறான காரணத்துக்காகச் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்த பெற்றோர்கள் என்று இவர்களைச் சொல்லலாம். சென்ட்ரல் பார்க்கின் உட்சாலைகளில் பல பத்தாண்டுகளாக இருந்த கார் போக்குவரத்து 2018 ஜூன் மாதத்தோடு முற்றிலும் நிறுத்தப்பட்டது. ஹார்லம் மீரைச் சுற்றிய நடைபாதையில் ஊர்வலம் போகும் பிள்ளை எந்தச் சாலையையும் கடக்க வேண்டியதில்லை. விழாவின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒரு காவலரைக்கூட நிறுத்தாமல் கிடைத்த மிகப் பெரியது இதுதான்.

அந்திக் கணக்கு

இவ்விழாவின் உயிர்நாடி அதன் நேரம். நியூயார்க்கில் அக்டோபர் 31 அன்று சூரியன் மறைவது மாலை சுமார் 5.53 மணிக்கு. அதன் பிறகு ஏறத்தாழ அரை மணி நேரம், எதிரில் வருபவரின் முகம் தெரிகிற, ஆனால் விளக்கொளியும் எடுப்பாகத் தெரிகிற அந்தி இருக்கும். பிற்பகலில் கூடி, வெயில் இருக்கும்போதே வேடங்களைக் காட்டி ஊர்வலத்தை முடித்து, இந்த அரை மணி நேரத்துக்குள் தெப்பத்தை விட்டுவிட வேண்டும். முந்தினால் பரங்கிக்காய்க்குள் எரியும் விளக்கு தெரியாது. பிந்தினால் தள்ளுவண்டியும் தூக்கக் கலக்கத்திலிருக்கும் பிள்ளையுமாக முழு இருட்டில் வாயிலைத் தேட வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கு சாத்தியமானதில் வாஷிங்டனுக்கும் பங்குண்டு. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் அமெரிக்காவின் கோடைக்கால நேரம் 2006 வரை அக்டோபரின் கடைசி ஞாயிறோடு முடிந்துவிடும். ஹாலோவீன் எப்போதும் அந்த ஞாயிறன்றோ அதற்குப் பின்னாலோ விழும். எனவே அன்று சூரியன் மறைவது 4.53 மணிக்கு. 2005ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டப்படி 2007 முதல் கோடைக்கால நேரம் நவம்பரின் முதல் ஞாயிறு வரை நீண்டது. பள்ளி விட்டு வந்து, வேடம் மாற்றி, சுரங்க ரயிலில் 110ஆம் தெருவுக்கு வந்துசேர ஒரு குடும்பத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேர வெளிச்சம் கிடைத்தது.

நேரத்தைக் கணக்கிடலாம், வானிலையை முடியாது. 2011 அக்டோபர் 29 அன்று இலை உதிராத மரங்களின் மேல் பருவத்துக்கு முந்திய பனி பெய்து சென்ட்ரல் பார்க்கில் ஏராளமான கிளைகளை முறித்தது. அடுத்த ஆண்டு அதே தேதியில் சாண்டி புயல் கரையேறியது, பூங்காக்கள் மூடப்பட்டன. அக்டோபர் கடைசி வாரத்துத் திறந்தவெளி விழா எதற்கும் இந்த நிச்சயமின்மை உடன்பிறந்தது.

முகமூடியும் முகமும்

குழந்தைகளுக்கான பயத்தின் அளவை எப்படி நிர்ணயிப்பது? நான்கு வயதுப் பிள்ளைக்கு, தானே பேயாக இருப்பது பயமன்று. எதிரில் வரும் பெரியவரின் முகம் தெரியாமல் போவதுதான் பயம். பகல் வெளிச்சத்தில் நடக்கும் ஊர்வலம் இச்சிக்கலைத் தானாகவே தீர்த்துவிடுகிறது. முகமூடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு சாறு குடிக்கும் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்ட பிள்ளை, இருட்டிய பிறகு அதே எலும்புக்கூட்டைக் கண்டு அலறாது. முகமூடிக்குப் பதிலாக முகத்தில் சாயம் பூசுவதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பரிந்துரைப்பது, முகமூடியின் கண்துளைகள் பக்கவாட்டுப் பார்வையை மறைத்துவிடுகின்றன என்பதற்காக. தண்ணீரோரத்தில் அந்த அறிவுரைக்குக் கூடுதல் கனம் உண்டு.

பரங்கிக்காயின் முகம் வேறு வகை. அது யாரையும் துரத்துவதில்லை. அதைச் செதுக்கியதும் அந்தப் பிள்ளைதான். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய இடத்தில் எளிதாகக் குடையக்கூடிய பெரிய காய் கிடைத்ததும் அதற்கு மாறினார்கள். காம்பைச் சுற்றி மூடியை வெட்டும்போது கத்தியை உள்நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். விதையையும் நாரையும் கையால் அள்ளிய பிறகு, முகம் வரவிருக்கும் பக்கத்துச் சதையைக் கரண்டியால் சுரண்டி மெலிதாக்கினால்தான் ஒளி கண் வழியாக மட்டுமின்றித் தோல் வழியாகவும் கசியும். மழுங்கிய சிறு ரம்பத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, மூடியை மட்டும் பெரியவர்கள் வெட்டுவது பெரும்பாலான வீடுகளின் வேலைப் பங்கீடு. செதுக்கிய காய் சில நாள்களில் கன்னம் ஒட்டிக் கிழமாகிவிடும் என்பதால் விழாவுக்கு முந்தைய இரவே இதைச் செய்தாக வேண்டும். அந்த இரவு வீட்டில் நடக்கும் இந்த வேலையை விழாவின் முதல் பகுதியாகவே நான் கணக்கிடுகிறேன், அது எந்த நிகழ்ச்சிநிரலிலும் இடம்பெறாவிட்டாலும்.

குடைந்த காய் மிதக்கும். ஆனால் தனியாக விட்டால் உருண்டு, வாய்த்துளை வழியே நீர் புகும். மிதவைமேல் அமர்த்துவதற்கும், மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கைப் பயன்படுத்துவதற்கும் காரணம் இந்த எளிய இயற்பியலே. சிறிய காய்களாகக் கேட்பதும் அதனால்தான். குழந்தை தானே தூக்கி வரலாம் என்பது உபரி நன்மை. கரையில் ஒப்படைத்த காய் சில மணி நேரம் கழித்து நீரின் நடுவில் எரியும்போது, அது எது என்று தேடுவதுதான் கரையில் நிற்பவர்களின் வேலை. தூரத்திலிருந்து எல்லா முகங்களும் ஒன்றாகவே தெரிகின்றன. கோணல் பல் ஒன்றை வைத்தோ, ஒற்றைக் கண்ணை வைத்தோ தன்னுடையதைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பிள்ளைகள் சாதிப்பார்கள், பெற்றோர் மறுப்பதில்லை.

அளவு கடந்தால்

நகரின் வேறு இரண்டு ஹாலோவீன் நிகழ்வுகளின் போக்கை அறிந்தால் இவ்விழாவின் அடக்கம் புரியும். கிரீன்விச் வில்லேஜில் 1974இல் ரால்ஃப் லீ என்ற பொம்மலாட்டக் கலைஞர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு தெருத்தெருவாகப் போகத் தொடங்கிய ஊர்வலம், பின்னர் ஆறாம் அவென்யூவை நிரப்பும் பெரியவர்களின் இரவாக மாறிவிட்டது. சிறு பிள்ளைகளைத் தோளில் சுமந்தால்தான் எதையாவது காட்ட முடியும். டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் 1990களின் தொடக்கத்தில் அக்கம்பக்கத்தாரின் விளையாட்டாக ஆரம்பித்த வேடமிட்ட நாய்களின் அணிவகுப்பு, பூங்கா தாங்காத அளவுக்குப் பெருகி, 2018இல் ஈஸ்ட் ரிவர் பார்க்குக்கு இடம்பெயர நேர்ந்தது. இரண்டுமே நல்ல நிகழ்வுகள். ஆனால் தெருவும் சதுக்கமும் கூட்டத்தை உள்ளிழுத்துக்கொண்டே போகும், ஏரிக்கரை அப்படியன்று. சுற்றிலும் நிற்கலாம், உள்ளே நெருங்க முடியாது; யார் எங்கே நின்றாலும் முன்வரிசைதான். கூட்டத்தைக் கயிறு கட்டித் தடுப்பதற்குப் பதில் தண்ணீரே நடுவில் கிடக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. இனிப்பை மையமாகக் கொண்ட எந்த ஹாலோவீனிலும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் ஒதுங்கி நிற்க நேர்கிறது. தின்பண்டம் அல்லாத சிறு பொருள்கள் கிடைக்குமிடத்துக்கு அடையாளமாக நீலப்பச்சை வண்ணம் பூசிய பரங்கிக்காயை வைக்கும் இயக்கம் 2014 முதல் அமெரிக்கா முழுவதும் பரவியதன் காரணம் அதுவே. தெப்பத்தை மையமாகக் கொண்ட விழாவில் மிட்டாய் இரண்டாமிடத்துக்குத் தள்ளப்படுவது இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி. அதே வேளையில், பரங்கிக்காய் வாங்கி, செதுக்கி, சுமந்து வர நேரமும் பணமும் உள்ள வீடுகளுக்கே தண்ணீரில் ஒரு முகம் சொந்தமாகிறது; மற்றவர்கள் பார்வையாளர்கள். கரையிலேயே செதுக்கும் மேசைகள் கூடுதலாக இருந்தால் இந்த இடைவெளி குறையும் என்பது என் கருத்து.

விளக்கணைந்த பிறகு

தெப்பம் முடிந்ததும் பரங்கிக்காய்களைத் தண்ணீரில் விட்டுவைக்க முடியாது. அழுகும் சதை நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்னும். அதன் சத்து பாசிக்கு உரமாகும். கோடையில் நீலப்பச்சைப் பாசி படர்ந்து, நாய்களை இறக்காதீர்கள் என்று அறிவிப்பு வைக்க நேர்ந்த நீர்நிலை இது. டேனா சென்டரில் தூண்டில் இரவல் வாங்கும் பிள்ளைகள், பிடித்த மீனை மீண்டும் விட்டுவிட வேண்டும் என்ற விதியோடு மீன்பிடிக்கும் இடமும் இதுவே. லாஸ்கர் தளத்தை இடித்துவிட்டு 16 கோடி டாலர் செலவில் கட்டிய டேவிஸ் சென்டர் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது, நிலத்தடிக் குழாயிலிருந்து விடுபட்ட ஓடை மீண்டும் வெளிச்சத்தில் ஓடி ஏரியில் கலக்கத் தொடங்கியிருக்கிறது. அவ்வளவு செலவிட்டுத் தெளிவித்த நீரில் அழுகல் கிடக்கலாகாது.

வீடுகளில் மிஞ்சும் காய்களுக்கு நகரப் பூங்காக்களில் ஹாலோவீனுக்கு அடுத்த நாள்களில் இன்னொரு கூட்டம் நடக்கிறது. மட்டையையும் சுத்தியலையும் கொடுத்து, பரங்கிக்காய்களை உடைத்து எருக்குவியலில் சேர்க்கச் சொல்கிறார்கள். விளக்கை எடுத்துவிட்டு வர வேண்டும். நான்கு நாள்களுக்கு முன் தான் செதுக்கிய முகத்தை உடைக்கப் பிள்ளைகள் தயங்குவார்கள் என்றுதான் நாம் நினைப்போம். மட்டைக்கு வரிசை நீண்டிருக்கும்.